சுவர் இன்னும் மூன்று அடி

ஏணியைச் சற்று ஓரமாகச் சாய்த்து வையுங்கள், கொத்தனாரே. அந்த இடத்தில் ஒரு ரோஜாச் செடி இருக்கிறது. பார்வைக்குக் காய்ந்த சுள்ளி போலத்தான் தெரியும். நேற்றுத்தான் கவாத்து செய்தேன். கருகிய கிளைகளையெல்லாம் வெட்டிக்கொண்டே போனேன்; வெட்ட வெட்டக் கருப்பு; கடைசியில் முழங்கால் உயரத்துக்குத் தண்டு மட்டும் மிஞ்சியது. மிஞ்சியதை மிதிக்க வேண்டாம்.

முதலில் இப்படி உட்காருங்கள். வேலை எங்கே ஓடிவிடப் போகிறது? எதற்காகச் சுவரை உயர்த்துகிறோம் என்று தெரிந்துகொண்டு கட்டுகிற ஆள்தான் எனக்கு வேண்டும். இதைக் கட்டியவர் உள்ளூர்க் கொத்தனார். "இன்னும் மூன்று அடி ஏற்றித் தாருங்கள்" என்று கேட்டதற்கு, "இடிக்கக் கூப்பிட்டா வர்றனுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, வைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எதிரிக்கு எங்கெல்லாம் ஆள் இருக்கிறது பாருங்கள்! ஆகவேதான் மேட்டுப்பாளையத்திலிருந்து உங்களை வரவழைத்தேன். உங்களுக்கு இந்த மலையில் உறவும் இல்லை, பகையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஊர் வர்க்கி வாங்கித் தின்னும் பழக்கம் உங்களுக்கு இல்லை. வர்க்கிக்கும் சுவருக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கிறீர்களா? வருகிறேன்.

என் பெயர் நாச்சிமுத்து. நகராட்சியில் நீர் திறப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்கு இடமில்லாமல் போயிற்று. பிறகு கற்றதெல்லாம் நானாகவே நூல்களில் கற்றது. இந்த மலையின் தெருக்களில் எந்தக் குழாயில் எந்த மணிக்கு நீர் எப்படி இறங்கும் என்பது என் உள்ளங்கையில் இருந்தது. ஒருமுறை மேல்தெருவில் ஒரு புண்ணியவான், தன் வீட்டு நீர் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது என்று சாக்கடையை மண்மூட்டை போட்டு அடைத்தான். மறுநாள் அவன் சமையலறையில் பாத்திரங்கள் மிதந்தன. "சரிவில் குடியிருப்பவன் ஓடுகிற நீரை மறித்தால் மறித்தவனுக்குத்தான் முதலில் நனையும்" என்று நான் அவனிடமே சொன்னேன். தலை குனிந்து நின்றான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓட்டம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பதற்காக. நினைவில் வையுங்கள். பிற்பாடு ஒருத்தி நடத்தினாள்.

இந்த இடத்துக்கு நரிப்பள்ளம் என்று பெயர். மேலே தெரிவது காடு. காட்டுக்குக் கீழே என் மனை. என் மனைக்குக் கீழே, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், ரெஜினாவின் மனை. அதற்கும் கீழே ஓடை. ரெஜினா கைம்பெண்; வர்க்கி அடுப்பு வைத்திருக்கிறாள். விடிந்தால் ஊரே அவள் வாசலில் நிற்கும். தேநீரில் நனைத்துத் தின்கிற அந்தப் பண்டத்துக்காக மானத்தை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுள் ஒருத்தி என் மனைவி பாவாயி.

நீங்கள் சமவெளிக்காரர், உறைபனி என்றால் தெரிந்திருக்காது. கார்த்திகையில் தொடங்கித் தை கடைசி வரை இங்கே பனி பெய்வதில்லை, உறைகிறது. புல்லின் மேல் உப்பைத் தூவியது போல வெள்ளையாக நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன்மேல் காலை வெயில் பட்டதோ, இலை வெந்தது போலக் கருகிவிடும். ஆகவே மாலையானதும் செடிகளை மூட வேண்டும். அதற்கென்றே மிலார் என்று ஒரு புதர்ச்செடி இருக்கிறது. அதன் தழையை வெட்டி வந்து செடிக்குச் செடி கூடாரம் போலச் சாத்த வேண்டும். விடிந்ததும், வெயில் விழுவதற்கு முன்னால், தழையை நீக்கி, பூவாளியால் நீர் தெளித்து உறைபனியைக் கழுவிவிட வேண்டும். பாவாயி தழையைத் தூக்குவாள். நான் நீர் தெளிப்பேன். அவள் தூக்குவதும் நான் தெளிப்பதும் ஒரே சீராக நடக்கும். இப்போது ஒரு கையால் தூக்கி ஒரு கையால் தெளிக்கிறேன். பாதி நீர் என் காலில் விழுகிறது. அது வேறு செய்தி.

பகை எப்படி மூண்டது என்று கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

போன ஆடியில் எங்கள் மலர்ச் சங்கத்தின் கூட்டம். வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். குளிர்காலக் காப்பு பற்றி நான் ஓர் உரை நிகழ்த்தினேன். நிகழ்த்தினேன் என்றால், எழுதி, திருத்தி, கண்ணாடி முன் நின்று பழகி, பிறகு நிகழ்த்தினேன். மிலார்த் தழையை எந்தச் சாய்வில் சாத்துவது என்ற இடத்துக்கு வந்தபோது இந்த ரெஜினா எழுந்து நின்றாள்.

"நாச்சிமுத்து அண்ணன் சொல்றது வாஸ்தவந்தானுங்க. ஆனா சாயங்காலமானா அவங்க தோட்டத்தப் பாத்தா வரிசையாப் பாடை கட்டி வெச்சாப்ல இருக்குதுங்க. காலைல அண்ணன் தண்ணி தெளிக்கறப்ப, ஒப்பாரி மட்டுந்தான் கொறை."

சிரித்தார்கள். தலைவர் சிரித்தார். செயலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் வரிசையில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அடுத்த செடிக்கு நான் போகவே இல்லை. உரையை அந்த இடத்திலேயே முடித்துக்கொண்டேன்.

பாவாயிக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தேன். வீட்டுக்கு வந்ததும், "ஏனுங்க, ஒரு தமாசுக்குச் சொன்னதுக்கு..." என்று தொடங்கினாள். "பாடைக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிறவள் நீதானே? உனக்குச் சிரிப்புத்தான் வரும்" என்றேன். அன்றைக்கு எங்களுக்குள் இருந்தது வெறும் கம்பிவேலி. அதன் ஓரத்தில் நின்றுகொண்டு இந்தப் பெண்கள் இருவரும் மாலை முழுவதும் பேசுவார்கள். வர்க்கி இங்கே வரும்; கீரை அங்கே போகும். புரட்டாசி முடிவதற்குள் வேலியைப் பிடுங்கிவிட்டு இந்தச் சுவரை எழுப்பினேன். மனையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஓர் ஓட்டை இல்லாமல். ஆள் எக்கி நின்றாலும் முகம் தெரியாத உயரம். கட்டி முடித்த அன்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது: "பாவாயி அக்கா, அண்ணன் கோட்டை கட்டிட்டாரு. படையெடுத்து வரப் போறது யாருன்னு கேட்டுச் சொல்லுங்க!"

வீட்டுக்குள்ளேயிருந்து பாவாயியின் சிரிப்பு அன்றைக்கு மறுபடியும் கேட்டது.

சரி, போகட்டும். கார்த்திகை பிறந்தது. உறைபனி விழுந்தது. கொத்தனாரே, இத்தனை ஆண்டுகளில் அப்படி ஓர் உறைபனியை இந்தத் தோட்டம் கண்டதில்லை. மிலார்த் தழைக்குள்ளேயே புகுந்துவிட்டது. ரோஜா போயிற்று. டேலியா போயிற்று. ஜெரேனியம் கஞ்சி போலக் குழைந்து படுத்துவிட்டது. வாளியில் வைத்த நீரின் மேல் கண்ணாடி போல ஏடு கட்டியது. வாசலில் இறங்கினால் ஓடையில் இறங்கியது போலக் கணுக்கால் சில்லிட்டது. காலை வெகுநேரம் வரை அந்தக் குளிர் இங்கேயே தேங்கி நிற்கும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், அவளுடைய செடிகள் எந்தத் தழையும் இல்லாமல் பச்சையாக நிற்கின்றன! ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். வேவு பார்ப்பதற்காக அல்ல, ஒப்பு நோக்குவதற்காக.

ஏணியில் என் தலை தெரிந்ததும் அவள் வந்துவிட்டாள். கையெல்லாம் மைதா மாவு.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். குளுருங்கறது தண்ணி மாதிரிங்கண்ணே. காட்டுல இருந்து எறங்கி உங்க தோட்டம், என் தோட்டம்னு தாண்டி ஓடைக்குப் போய்ட்டிருந்துச்சு. நீங்க குறுக்க அணை கட்டிட்டீங்க. அது போக வழியில்லாம உங்க வாசல்லயே நிக்குது. அடியில ஒரு வழி விட்டாப் போதுங்கண்ணே."

என்னிடம் சொல்கிறாள்! நீரைத் திறந்தே தலை நரைத்தவனிடம்! நான் ஏணியில் நின்றபடியே நிதானமாக விளக்கினேன்: "அம்மணி, நீர் ஒரு பொருள். அதற்கு எடை உண்டு, ஆகவே ஓடும். குளிர் என்பது பொருளே அல்ல. வெப்பம் இல்லாத நிலைக்குக் குளிர் என்று பெயர். இல்லாத ஒன்று எப்படி ஓடும்? எப்படி நிற்கும்?"

அவள் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, "சரிங்கண்ணே. அப்ப உங்க வாசல்ல நிக்கறது யாருங்க?" என்றாள்.

இதற்கு என்ன விடை சொல்வது? விதண்டாவாதத்துக்கு நான் விடை சொல்வதில்லை. இறங்கிவிட்டேன்.

உண்மையான காரணத்தை நான் கண்டுபிடித்திருக்கிறேன். அவளுடைய அடுப்புதான். இரவு பகலாக எரிகிறது. அந்த அனல் அவள் தோட்டத்தைக் காக்கிறது. அத்தோடு நின்றால் பரவாயில்லை. அனல் மேலே எழும்போது இங்கே இருக்கிற சூட்டையும் உறிஞ்சி இழுத்துக்கொள்கிறது. எந்த நூலிலும் இது இல்லை. என் சொந்த ஆராய்ச்சி; நூலாக எழுதப் போகிறேன். சான்று வேண்டுமா? இப்படித் திரும்பிப் பாருங்கள். அந்தச் செம்பருத்தியைப் பாருங்கள், கொய்யாவைப் பாருங்கள், கொடிப் பந்தலைப் பாருங்கள். எல்லாம் சுவரின் உயரம் வரைக்கும் கருகியிருக்கின்றன. கயிறு பிடித்துக் கோடு கிழித்தது போல! கோட்டுக்கு மேலே பசுமை. ஏன்? அடுப்பின் அனல் சுவரைத் தாண்டி மேலே மட்டும் வீசுகிறது. கீழே சுவர் மறைக்கிறது. இதைவிடத் தெளிவான சான்று என்ன வேண்டும்?

என்ன சொன்னீர்கள்? ஏணியில் ஏறி அளந்தபோது மேலே கதகதப்பாக இருந்ததா? நானும் கவனித்தேன். ஏறியதும் தலைத்துண்டை அவிழ்த்தீர்கள். இறங்கியதும் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டீர்கள். அதைத்தானே சொல்கிறேன். அடுப்பு!

பாவாயிக்கு மூச்சு இரைப்பு உண்டு. வீட்டின் படுக்கையறைச் சன்னல் இந்தச் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. மார்கழியில் இரைப்பு மிகுந்துவிட்டது. கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தவள் ஒருநாள் காலையில் கேட்டாள்.

"ஏனுங்க, ஒரு கதவு அளவுக்காச்சும் சுவத்த ஒடச்சு உடுங்களேன். கதவே போட்டுக்கலாம். சாவிய நீங்களே வெச்சுக்குங்க."

"யார் வருவதற்கு?" என்றேன்.

"வாறதுக்கு இல்லீங்க. குளுரு போறதுக்கு."

அவளுக்கும் பாடம் நடந்திருக்கிறது! சுவர் எழுந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தொலைபேசி இருக்கிறதே. "உன் மூச்சுக்கு மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். சுவருக்கும் உன் மூச்சுக்கும் முடிச்சுப் போடாதே" என்று சொல்லிவிட்டேன். பொங்கல் கழிந்ததும் மகன் கதிரவன் அவளை அழைத்துப் போகக் கோவையிலிருந்து வண்டி கொண்டு வந்தான். என்னையும் கூப்பிட்டான். தோட்டத்தை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, பாவாயி கண்ணாடியை இறக்கிவிட்டு இந்தப் பேரி மரத்தைப் பார்த்தாள். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த ஆண்டு அவள் நட்டது. தை கடைசியில், இலைகூட இல்லாத கிளையில் வெள்ளை வெளேரென்று பூக்கும். அது பூத்துவிட்டால் குளிர்காலம் முடிந்தது என்று எங்கள் வீட்டில் கணக்கு. அதன் பிறகுதான் மிலார்த் தழையைத் தூக்கி எறிவோம்; மண்ணைக் கொத்துவோம்; எரு இடுவோம்.

"பேரி பூத்தாச் சொல்லுங்க. வந்தர்றேன்" என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். நான் அன்றிலிருந்து நாள்தோறும் பார்க்கிறேன். காலையில் பூவாளியைக் கையில் எடுக்கும் முன்பே முதலில் பேரி மரத்தடிக்குத்தான் போகிறேன். தை பாதியில் மொட்டுகள் பருத்தன. பருத்து, அரிசி உடைந்தது போல வெள்ளையும் எட்டிப் பார்த்தது. மறுநாள் காலை உறைபனி. தொட்டால் மொட்டு விரலிலேயே கருப்பாக நசுங்கியது. கீழ்க்கிளை, நடுக்கிளை, எல்லாம். இந்தப் பக்கம் வந்து பாருங்கள். இது மொட்டு, இதுவும் மொட்டு. மிளகு போல இருக்கிறதல்லவா?

இதற்கிடையில் வசந்தம் வந்துவிட்டது. வந்தது, ஆனால் எங்கே வந்தது? காட்டில் மலைப் பூவரசு, உங்கள் ஊர் மஞ்சள் பூவரசு அல்ல, சிவந்துவிட்டது. ரெஜினாவின் பிளம்ஸ் மரங்கள் பஞ்சு வெடித்தது போலப் பூத்துக் கிடக்கின்றன. தேனீக்கள் காட்டிலிருந்து என் தலைக்கு மேலே பறந்து, என் தோட்டத்தில் ஒரு மூச்சுகூட நிற்காமல், நேராக அவள் தோட்டத்தில் போய் இறங்குகின்றன. வர்க்கிக்கு அலைகிற மனிதர்களைப் போலவே!

இப்போது மேலே பாருங்கள். நீங்கள் வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கவனிக்காமல் இல்லை. ஆம், ஒரு கிளை பூத்திருக்கிறது. ஒரே ஒரு கிளை. சுவருக்கு மேலே தலை நீட்டி, அந்தப் பக்கம் சாய்ந்த கிளை. நுனி வரைக்கும் பூ. என் மண்ணில் வேர், என் கிணற்று நீர், என் எரு. பூப்பது மட்டும் அவளுக்கு! காலையில் அவள் முற்றத்தில் வெள்ளை இதழ் உதிர்ந்து கிடக்கிறது. அவள் பெருக்குவதுகூட இல்லை, ஒதுங்கி நடக்கிறாள். வேண்டுமென்றே.

ஆகவே நான் பாவாயிக்குச் சொல்லவில்லை. பூத்தால் அல்லவா சொல்வதற்கு? என் தோட்டத்தில் பேரி பூக்கவில்லை. அந்தப் பக்கம் பூத்ததை என் கணக்கில் எப்படி எழுதுவது? அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள். "இல்லை" என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். பொய் இல்லை அது. எண்ணிப் பார்த்தால் பொய் இல்லை.

இன்று காலையில், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால், அவளே அழைத்தாள். இரைப்பு இல்லை, குரல் நன்றாக இருந்தது.

"ஏனுங்க, பேரி பூத்திருச்சாமே?"

"யார் சொன்னது?"

"ரெஜினா போட்டோ அனுப்பிச்சிருக்கா. கெளை முழுக்கப் பூவு. நான் அழுதே போட்டேன் போங்க."

"அது நம்முடையது அல்ல" என்றேன். "சுவருக்கு அந்தப் பக்கம் பூத்தது. நம் பக்கம் பூக்கட்டும், சொல்கிறேன்."

அவள் கேட்டாள்.

"அப்ப நான் எந்தப் பக்கம் வந்து எறங்கட்டுங்க?"

வேடிக்கைக்காரி. அப்போதும் இப்படித்தான், எப்போதும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறாளாம். ரெஜினா வீட்டில் ஓர் அறை சும்மாத்தான் கிடக்கிறதாம். அங்கே இருந்துகொண்டு அந்தக் கிளைக்கு அடியில் பாய் போட்டு உட்காரப் போகிறாளாம். "நீங்க ஏணி போட்டு எட்டிப் பாருங்க, பேசிக்கலாம்" என்கிறாள். சிரித்தாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சிரிக்கவில்லை.

அதனால்தான் அவசரம், கொத்தனாரே. வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும். மூன்று அடி உயர்த்திவிட்டால் அந்தக் கிளை சுவருக்குள் அடங்கிவிடும். அந்தப் பக்கம் சாய முடியாது. அடுத்த தையில் பூத்தால் இந்தப் பக்கம்தான் பூத்தாக வேண்டும். வேறு போக்கு ஏது அதற்கு? ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? கோடும் மூன்று அடி ஏறுமா? எந்தக் கோடு? கருகல் கோடா? கொத்தனாரே, நீங்கள் செங்கல்லைப் பற்றிப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கும் அந்த வீட்டிலிருந்து வர்க்கி வந்துவிட்டதா?

சரி, எழுந்திருங்கள். அந்தப் பூவாளியை நகர்த்தி வைக்கிறேன், கால் இடறும். பிடி ஒரு பக்கம் ஆடும். இருவர் இருந்தபோது தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இந்த இடத்தில், இதோ பேரி மரத்துக்கு நேராக, ஒரு கதவு அளவுக்குச் செங்கல்லை எடுப்பதென்றால், மற்ற சுவர் தாங்குமா? விழுந்துவிடாதே?

தாங்குமா?

தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டேன். நூலுக்காக. அப்படியெல்லாம் பார்க்காதீர்கள். ஏணியை எடுங்கள். மூன்று அடி என்றால் மூன்று அடி.